பொன்னுதுரை இருந்த பத்தியம்

பொன்னுதுரைக்கு வயிறு போனது வீட்டோடு போயிருந்தால் கதையாகியிருக்காது. வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கிறது, வாளியில் தண்ணீர் இருக்கிறது. போய்விட்டு வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் பாவி மனுஷன் பஸ் கண்டக்டராக இருந்தான். மலாக்கா டவுனில் கிளம்பி, காஜா பெராங் வழியாகச் செங் வரைக்கும் போய்த் திரும்புகிற பஸ். அதில் ஏறுகிற அத்தனை பேருக்கும் கண்ணும் இருந்தது, வாயும் இருந்தது.

சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருந்தாலும் பண்டார் ஹிலிரில் மூங்கில் நட்டு வளைவு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரன் போனபிறகு அரிசி விலை என்ன ஆகும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். பொன்னுதுரைக்கு அந்தப் பேச்சில் ஒன்றும் காதில் விழாது. அவன் காது முழுக்கத் தன் வயிற்றின் மேல்தான்.

டவுனில் கிளம்பும்போது ராஜா மாதிரி இருப்பான். கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கையில் டிக்கெட்டுக்கு ஓட்டை போடுகிற இடுக்கி. காஜா பெராங் தாண்டி இரண்டாவது வளைவு வந்ததும் உள்ளே காலித் தகரம் உருளுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வியர்வை. அப்புறம் மணிக்கயிற்றை விடாமல் இழுப்பான். டிரைவர் தேவதாஸுக்கு அந்த இழுப்பு எதற்கென்று தெரியும். ரப்பர் மரத்தோரமாக வண்டியை ஒதுக்கிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைப்பான். பொன்னுதுரை பையைக் கழற்றி அவன் மடியில் போட்டுவிட்டு, டிக்கெட் வாங்கியவர் வாங்காதவர் எல்லோர் முன்னாலும் புதருக்குள் ஓடுவான்.

முதலில் ஜனங்கள் பாவம் என்றார்கள். பிறகு சிரித்தார்கள். "கண்டக்டர் மரத்துக்கு டிக்கெட் குடுக்கப் போயிருக்காரு" என்று ஒருவர் சொல்லப்போக, அதுவே செங் பஸ்ஸின் பெயராகிவிட்டது. சீனக் காய்கறிக்காரி கூட அவனைப் பார்த்ததும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரிப்பாள்.

அந்த நாள் மட்டும் இல்லாமல் இருந்திருக்கலாம். செங்கில் ஒரு கல்யாணம். பஸ் நிரம்பி வழிந்தது. வெயில் தகரக் கூரையைப் பிளந்தது. மரத்தோரம் நின்ற பஸ் நின்றபடியே இருக்க, பட்டுப்புடவைக்காரர்கள் எல்லாம் விசிறிக்கொண்டு காத்திருந்தார்கள். பொன்னுதுரை தலையைக் குனிந்துகொண்டு ஏறினான். முன் சீட்டிலிருந்த எஸ்டேட் பெரியவர் நல்ல மனசோடுதான் கேட்டார்.

"என்னப்பா, அப்படி என்னத்தச் சாப்பிட்ட?"

பஸ்ஸே அவன் வாயைப் பார்த்தது. மானம் போகிற நேரத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்வதுதானே மனுஷ சுபாவம். அவன் கையில் அகப்பட்டது பெண்டாட்டி.

"என்னத்தச் சொல்ல, மாமா. நான் கட்டினது சிட்டி வீட்டுப் பொண்ணு. குழம்புலயும் பெலாச்சான், கீரையிலயும் பெலாச்சான். விட்டா காப்பியிலயும் போடுவா. நம்ம வயிறு தாங்குமா?"

பஸ் குலுங்கிச் சிரித்தது. அவனுக்கும் அப்பாடா என்றிருந்தது. அதுவரை அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது பஸ்ஸில் இல்லாத ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனபோதுதான் கடைசி சீட்டில் இரண்டு பெண்களைப் பார்த்தான். இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவன் பெண்டாட்டி மீனாச்சியின் அம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள்.

சிட்டிகளை மலாக்காவில் தெரியாதவர் இல்லை. நம்மைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், பல தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த மண்ணோடு கலந்துவிட்டவர்கள். பேச்சு மட்டும் மலாய். தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 'சிட்டி', 'பெலாச்சான்' என்ற சொற்கள் தெரியாமல் போகுமா? இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சில்லறையை அவன் கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மீனாச்சி கைப்பக்குவம் சிட்டிகளின் குடியிருப்பான அந்தக் கம்போங்கில் பேர் பெற்றது. இறாலை உப்பிட்டு நொதிக்கவைத்து அடை தட்டிக் காயவைத்ததுதான் பெலாச்சான். நாற்றம் என்பவர்களுக்கு நாற்றம், வாசம் என்பவர்களுக்கு வாசம். அவள் அதைத் தணலில் சுட்டு, மிளகாயோடு அம்மியில் வைத்து அரைத்துச் சாம்பால் ஆக்கினால் மூன்று வீடு தள்ளியும் சோறு கூடுதலாக இறங்கும். பழம் பழுக்கிற காலத்தில், செத்துப்போன முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள்; பர்ச்சு என்று அதற்குப் பேர். அன்றைக்குச் சாம்பால் அரைக்க அம்மா வீட்டிலிருந்து இவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஊரில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதை அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பஸ்ல என்னமோ சொன்னீங்களாம்."

"யாரு சொன்னா?"

"காப்பியில கூட நான் போடுவேனாம்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"ஓ, பேச்சுக்கு," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது. சண்டை போடுகிற அளவுக்கு அதில் சொற்கள் இல்லை. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் அக்கா பாக்கியலட்சுமி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். அம்மா அப்பா போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஒரு மாடு வைத்திருந்தாள். விடிவதற்குள் கறந்து, செம்புப் பானையைத் தலையில் வைத்துக் காஜா பெராங் முழுக்க வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவாள். தம்பிக்கு எடுத்துவைத்த பிறகுதான் ஊருக்கு. "என் தம்பி என் மாட்டுப் பால்ல வளந்தவன்" என்று ஊற்றுகிற வீட்டிலெல்லாம் சொல்லுவாள். தம்பி கண்டக்டர் ஆகி நாள் பூராவும் நின்று நின்று இளைக்கிறான் என்று பட்டதும், காலையில் ஒரு சொம்பு, ராத்திரி ஒரு சொம்பு என்று கூட்டிவிட்டாள். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தச் சமயத்தில்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள் அக்கா. "மீன் அழுகின சாமானெல்லாம் நம்ம வயித்துக்கு ஆகுமாடா?"

கல்யாணத்துக்குப் போனவர்கள் யாரோ பஸ் கம்பெனியில் போய்ச் சொல்லிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னொரு தரம் நடுவழியில பஸ் நின்னுச்சுன்னு காதுல விழுந்தா, பையக் கழட்டி இந்த மேசையில வச்சிட்டுப் போயிடு" என்றார். வெளியே வந்த பொன்னுதுரை நேராக அக்காவைக் கூட்டிக்கொண்டு டிரெசர் ராஜரத்தினத்திடம் போனான். டவுனில் ஒரு கடையின் மாடியில் அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுமைசாலி. ஆனால் அன்று வரிசை மாடிப்படி வரை நின்றது.

"என்ன சாப்பிடற?" என்று கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். "பெலாச்சான், ஐயா."

"அத மட்டுமா?"

"மத்ததுக்கெல்லாம் நான் பொறுப்பு. அதுதான் என் பொறுப்புல இல்ல."

"யாரு பொறுப்புன்னு நான் கேக்கலம்மா." அவர் பொன்னுதுரை பக்கம் திரும்பினார். "இங்க பாரு. ஒரு சிலருக்கு ஒரு சில சாப்பாடு ஒத்துக்காது. எதுன்னு பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, விட்டுத்தான் கண்டுபிடிக்கணும். மீன், புளி, மிளகா, எண்ண, பெலாச்சான், கடப் பலகாரம், எல்லாத்தையும் நிப்பாட்டு. வெறும் சோறு, உப்பு, அவிச்ச பூசணி. வயிறு கட்டட்டும். அப்புறம் ஒண்ணொண்ணா உள்ள விடு. ஒண்ண விட்டா ரெண்டு மூணு நாள் பொறுத்துப் பாரு. எது வந்ததும் வயிறு கெடுதோ, அதுதான் ஆளு. அதுவரைக்கும் எது மேலயும் பழி போடக்கூடாது."

"விரதம் மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் அக்கா.

"விரதம்னே வச்சுக்குங்களேன்," என்றார் டிரெசர், அடுத்த ஆளைக் கைகாட்டி.

நல்ல மனுஷன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். விரதம் என்றால் நமக்குப் பால் உண்டு. சஷ்டிக்குப் பட்டினி கிடக்கிறவர் பால் குடித்தால் அதுவும் பட்டினிதான். பால் சாப்பாட்டுக் கணக்கில் வராது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, பிறந்ததிலிருந்து தெரியும். பொன்னுதுரை காப்பிக்கடையில் குடிக்கிற டின்பால் தேத்தண்ணியைக் கூட நிறுத்திவிட்டான். டின்பால் கம்பெனிக்காரன் அடைத்தது, விரதத்துக்கு ஆகாது. அக்கா கறக்கிற பால் ஆகும். வெறும் பூசணி தின்கிற வயிறு எரியுமே என்று அவள் மத்தியானத்துக்கும் ஒரு சொம்பு சேர்த்தாள்.

மீனாச்சி சோறு வடித்தாள், பூசணியை உப்புப் போட்டு அவித்தாள். தனக்கென்று வேறு எதுவும் ஆக்கிக்கொள்ளவில்லை. அவன் தின்றதையே அவளும் தின்றாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து அந்தச் சப்பென்ற பூசணியை இரண்டு பேரும் விழுங்குவார்கள்.

வயிறு நிற்கவில்லை. முன்னைவிட மோசமானது. தேவதாஸ் நல்லவன், பஸ் நிற்கிற இடத்தில் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்து சமாளித்தான். எத்தனை நாளைக்கு டயரைத் தட்டுவது?

"பத்தியம் ஒழுங்காத்தானே நடக்குது?" என்றான் அவனே ஒரு நாள்.

"சோறு பூசணியத் தவிர எதையும் தொடலப்பா."

"அப்ப உனக்குத் தெரியாம எதோ உள்ள போகுது."

அவன் விகற்பமில்லாமல் சொன்னதுதான். பொன்னுதுரைக்கு அது முள்ளாகத் தைத்தது. வீட்டில் அக்கா ஏற்கெனவே சட்டியை முகர ஆரம்பித்திருந்தாள். "ஊறிப்போச்சுடா. இந்தச் சட்டியில பச்சத்தண்ணி காய்ச்சினாலும் பெலாச்சான்தான்." சட்டி மாறியது. அகப்பை மாறியது. "அம்மியும் கெடக்கக்கூடாது" என்றாள். அந்தக் கனத்த கல்லை மீனாச்சி தனியாக உருட்டிக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போட்டாள். பொன்னுதுரை பார்த்துக்கொண்டு நின்றான். கை கொடுக்க நினைத்தான், அக்கா பார்க்கிறாளே என்று நின்றுவிட்டான்.

பிறகு அடுப்படியே அக்கா கைக்குப் போனது. மீனாச்சிக்கு மாட்டுக்குப் புல் அறுக்கிற வேலை. அப்போதும் வயிறு போனது.

ஒரு நாள் மத்தியானம், பாதி வேலையில் வீட்டுக்கு ஓடிவந்தவன், கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்த மீனாச்சியிடம் போனான். மேகம் கறுத்துக் காற்று சுழற்றிக்கொண்டிருந்தது. சுமத்ராப் பக்கமிருந்து வருகிற மழை, வந்தால் கூரையைப் பிய்க்கும்.

"கையக் காட்டு," என்றான்.

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு."

நீட்டினாள். அவன் அந்த விரல்களைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். பச்சைப் புல் வாசம்தான் அடித்தது. வேறொன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், மீனாச்சி அவனைப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டு வேலிக்கு மேல் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சே, என்ன காரியம் செய்தோம் என்று அவனுக்கு அப்போதே உறைத்தது. கையை அவள்தான் மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நான் அம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள். "பர்ச்சு வருது. வேலை இருக்கு."

மழைக்கு முன்னாலேயே போய்விட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் அம்மா வீடு. அந்த இரண்டு தெருவை அவன் எட்டிக் கூடப் பார்க்கவில்லை.

விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள். மாடு நிறைசினை. அவள் போன அதே சமயத்தில் மடி வற்றிவிட்டது. அக்கா கறப்பதை நிறுத்தினாள். வயிறு நின்றது. கல்லு மாதிரி நின்றது. பொன்னுதுரை செங்குக்குப் போய்த் திரும்பினான், வளைவுகள் எல்லாம் சும்மா கடந்து போயின. இன்ஸ்பெக்டர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா," என்றாள் அக்கா. "அவ போனா, வியாதியும் போச்சு."

டிரெசர் சொன்னபடி ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்கள். புளி வந்தது, ஒன்றும் இல்லை. மிளகாய், எண்ணெய், மீன், ஒன்றும் இல்லை. கடைசியில் பெலாச்சான் ஒன்றுதான் பாக்கி. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம், தெரிந்த விஷயம்தானே என்று காஜா பெராங்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அக்கா பால் பாக்கி விசாரிக்கப் போன வீடுகளிலெல்லாம் இதையும் சொல்லிவிட்டு வந்தாள். அவனுக்கும் உள்ளூர அதில் ஒரு நிம்மதி. விரலை முகர்ந்தது தப்பில்லை என்று ஆகிவிடுமே.

மீனாச்சியின் அம்மா காமாட்சி பர்ச்சுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கட்டும், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாங்களும் கண்ணால் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். போகாமல் இருக்க முடியாது. அதற்குள் மாடு கன்று போட்டு, சீம்பால் தீர்ந்து, நல்ல பால் வந்திருந்தது. பர்ச்சு அன்றைக்குக் காலையில்தான் அக்கா பழையபடி சொம்பை நீட்டினாள்.

"குடிச்சிட்டுப் போடா. அந்தச் சனியனத் திங்கறதுக்கு முன்ன வயித்துல ஒரு தடுப்பு இருக்கட்டும்."

அவன் ஆசையாகக் குடித்தான். அக்காவும் கூடக் கிளம்பினாள்.

வெயில் ஏறியிருந்தது. வழியெல்லாம் டுரியான் பழ வாசம். கோவிலைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் வயிற்றுக்குள் தகரம் உருண்டது.

பொன்னுதுரை அப்படியே நின்றான். இன்னும் ஒரு பருக்கை நாக்கில் படவில்லை. முந்தின நாள் ராத்திரி வெறும் ரசம் சோறு. காலையில் பால். பால் மட்டும்தான். மடி வற்றினதும் வயிறு நின்றது, மடி சுரந்ததும் வயிறு போகிறது. பத்தியம் இருந்த காலமெல்லாம் மூன்று வேளையும் எதைக் குடித்தோம் என்பது நினைவுக்கு வந்தது. நடுத்தெருவில் அவனுக்கு முகம் பற்றி எரிந்தது.

"என்னடா நின்னுட்ட?" என்றாள் முன்னால் போன அக்கா.

"ஒண்ணுமில்ல," என்றான். அந்த இடத்திலேயே திரும்பி இருக்கலாம். அக்கா கையில் வளர்ந்தவன், அக்காவிடம் என்னவென்று சொல்வது? போய் உட்காருவோம், எப்படியாவது அடக்கிக்கொள்வோம் என்று நடந்தான்.

காமாட்சி வீட்டில் படையல் முடிந்திருந்தது. உள்ளறையில் இலைகள் போட்டு, தேங்காய்ப்பால் சோறு, மீன், முட்டைச் சாம்பால், டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் பரப்பி, சாம்பிராணி போட்டு, பெரியவர்கள் வந்து சாப்பிட்டுப் போகட்டுமென்று கதவைச் சாத்தி வைத்திருந்து, இப்போதுதான் திறந்திருந்தார்கள். வீடு நிறைய உறவு. மீனாச்சி ஒரு மூலையில் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மிப் பக்கம் அவளுடைய தம்பி பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷம் மீனாச்சி அரைக்கவில்லை. அரைக்க விடவில்லை. வந்தவர்கள் யோசிப்பார்களாம்.

பொன்னுதுரை இலை முன் உட்கார்ந்தான். எல்லோரும் அவன் கையையே பார்த்தார்கள். சாம்பாலை ஒரு விரலால் தொட்டுச் சோற்றோடு ஒரு வாய் வைத்தான். இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினான்.

"நான் சொன்னேன்ல," என்ற அக்காவின் குரல் பின்னாலேயே வந்தது. "ஒரு வாய்தான். ஒரே வாய்."

கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். வெளியே வந்தபோது கிணற்றடியில் மீனாச்சி வாளியில் தண்ணீர் இறைத்து வைத்துக்கொண்டு நின்றாள். அவன் கை கழுவ ஊற்றினாள்.

"நீங்க வாசல் ஏறும்போதே வயித்தப் புடிச்சிட்டு வந்தீங்க," என்றாள். "நான் பாத்தேன்."

அவன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பால்."

"அக்கா மாடு கன்னு போட்டுச்சு. எனக்குத் தெரியும்." தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "மாட்டுப் பால் நின்னுச்சு, வயிறு நின்னுச்சு. நான் புல் அறுக்கற ஆளு. எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நம்புவீங்களா? என் கைய மோந்து பாத்த ஆளு நீங்க."

தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவன் கையை நீட்டியபடியே நின்றான். அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பொன்னுதுரை கூடத்துக்கு வந்தான். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, தமிழும் மலாயும் கலந்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"பெலாச்சான் இல்ல, அத்தை. வர்ற வழியிலயே வயிறு கெட்டுப்போச்சு. எனக்கு ஆகாதது பால். காலையில குடிச்சிட்டு வந்தேன். மீனாச்சி மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பஸ்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

காமாட்சி எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது. மலாயில் நிதானமாகச் சொன்னார். "நல்ல பிள்ளை. பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காமல் பால் மேல் பழியைப் போடுகிறாய். பரவாயில்லை, மகனே. எங்களுக்குப் புரிகிறது."

"இல்ல அத்தை, நெசமாத்தான்."

"பால் யாருக்காவது ஆகாமல் போகுமா?" என்றார் ஒரு பெரியவர். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நல்ல மாப்பிள்ளை, கௌரவமான மாப்பிள்ளை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் மறுக்க மறுக்கப் புகழ் கூடிக்கொண்டே போனது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மீனாச்சி அவனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு போனாள். இவ்வளவு நாளும் பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை என்று அவனுக்கு அப்போது பட்டது.

அக்கா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். தெருவில் கொஞ்ச தூரம் இருவரும் நடந்தார்கள்.

"எனக்கும் ஒத்துக்காதுடா," என்றாள் திடீரென்று.

"எது?"

"பால்தான். அம்மாவுக்கும் அப்படித்தான். ரெண்டு பேரும் வெளிய சொல்லல. கறந்து விக்கிறவ வயித்துக்கே ஆகலன்னா எவ வாங்குவா?"

அக்கா பால் குடித்து அவன் பார்த்ததே இல்லை. தனக்காகத்தான் மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்து எத்தனை நாள் உருகியிருக்கிறான்.

"தெரிஞ்சுதான் எனக்குக் குடுத்தியா?"

"உனக்கு ஆகும்னுதான் நெனச்சேன். ஆம்பளப் புள்ள, வளர்ற புள்ள. மாடு வத்தி உனக்கு வயிறு நின்னப்பத்தான் சுருக்குன்னுச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பழி போட ஏற்கெனவே ஒருத்தி இருந்தாடா. அப்படியே விட்டுட்டேன்."

"இன்னைக்குக் காலையில?"

"ஒரு வேள இல்லாம இருக்கும்னு நெனச்சேன். இல்லாம இருக்கணும்னு நெனச்சேன்."

"திரும்பி வா, அக்கா. அங்க வந்து இதச் சொல்லு."

அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அத்தனையும் அவள் பால் ஊற்றுகிற வீடுகள். "வாய் வரலடா," என்றாள். குனிந்த தலையோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோவில் திருப்பத்தில் எல்லாம் தெரிந்த பிறகும் போய் இலையில் உட்கார்ந்தவன்தானே அவன்.

அன்றோடு பாலை விட்டான். வயிறு தெளிந்ததும், ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு காமாட்சி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"பசிக்குது, அத்தை. சாம்பாலும் சோறும் இருந்தா போடச் சொல்லுங்க. மீனாச்சி அரைச்சது."

காமாட்சி தயங்கினார். அவன் உள்ளே போகவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி வாசலிலேயே உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து பெலாச்சான் சுடுகிற வாசம் வந்தது, அம்மி அரைபடுகிற சத்தம் கேட்டது. மீனாச்சி இலையைப் போட்டாள். சோற்றைவிடச் சாம்பால் அதிகமாக இருந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய வழியத் தின்றான். தின்றுவிட்டு எழுந்து போகவில்லை. அந்தி சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். செய்தி பரவியது. கம்போங் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போகிறவர்கள்போல வந்து நின்றார்கள்.

"வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஒருத்தி, மலாயில், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நல்லா இருக்கு," என்றான் பொன்னுதுரை.

"என்ன சாப்பிட்டே?"

"பெலாச்சான்."

"பால் குடிச்சியா?"

"இல்ல. பால்தான் ஆகாது."

"காத்து கீத்து கூட இல்லயா?"

"இல்லக்கா."

ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் கேட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் முழுசாகப் பதில் சொன்னான். தன் வயிற்றைப் பற்றித் தெருவில் உட்கார்ந்து ஊருக்குப் பதில் சொல்வது லேசான காரியமில்லை. காது மடல் வரை சிவந்து போவான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றது. அப்புறம் வந்தவர்கள் அவனிடம் கேட்பதை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "மீனாச்சி, எனக்கும் கொஞ்சம் அரைச்சு வையேன்" என்று கிண்ணத்தை நீட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு நாலு கிண்ணம் வந்திருந்தது. கடைசிக் கிண்ணம் போனபிறகு மீனாச்சி இலை எடுக்க வந்தாள்.

"வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டான். கேட்கிற குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் தெருவைக் கடைசி வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள்.

"அந்தக் கோடி வீட்டுக்காரங்க இன்னும் பாக்கல," என்றாள். "அவங்களும் பாக்கட்டும். நாளைக்கும் வாங்க."

"வர்றேன்," என்றான் பொன்னுதுரை.